லாம்

இரவு பதினொன்றே கால்.
மேல்மாடியில் இரண்டு கட்சியும்
ஒரே தட்டு மாலுபாணில் கைவைத்துவிட்டன என்று
பியோன் விதானகே வந்து சொன்னார்.
அப்படியென்றால் முடிந்தது.
இருபது வருடம் தேநீர் கொண்டுபோனவருக்குத் தெரியும்
எந்தப் பசியில் எந்தக் கொள்கை இறங்கும் என்று.

நான் தாழ்வாரத்தில்,
மின்விசிறி எட்டாத மேசையில்.
தமிழ்ப் பிரதி விடியுமுன் அச்சகம் போகவேண்டும்.
ஜன்னலில் துறைமுகக் கிரேன்கள்
விளக்கோடு நின்றன,
எதையும் தூக்காமல்.

வாசகம் வந்தது.
வரிக்குறைப்பு இன்னும் இரண்டு வருடம்,
உச்சத்தில் உழைப்பவருக்கும் சேர்த்து.
வேலையிழந்தவருக்குக் கொடுப்பனவு
இருபத்தாறு வாரம் கேட்டார்கள்,
பதின்மூன்று கிடைத்தது.
இரண்டு தலைவர்களும்
தோற்ற முகத்தோடு படி இறங்கினார்கள்.
வாகனத்தில் ஏறியதும் சிரித்திருக்கலாம்.
நான் பார்க்கவில்லை.

மூன்றாம் பிரிவு: வரி
"குறைக்கப்படுதல் வேண்டும்."
ஏழாம் பிரிவு, நேற்றைய வரைவில்:
கொடுப்பனவு "வழங்கப்படுதல் வேண்டும்."
இன்றைக்கு:
"வழங்கப்படலாம்."

வாரங்களுக்காகத்தான் மேசையில் அடித்தார்கள்,
இங்கே வரைக்கும் கேட்டது.
வினைச்சொல்லுக்காக ஒருவரும் தொண்டையைச் செருமவில்லை.
அது வெறும் கோப்பைகளோடு கோப்பையாக
வெளியே போயிருக்கிறது.

லாம்.
ஒரு நெடில், ஒரு புள்ளி.
போகலாம், சாப்பிடலாம், கடலுக்குப் போய் விளையாடலாம்.
சின்ன வயதில் இதைவிட இனிப்பான விகுதி
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

கொட்டாஞ்சேனையில் என் எதிர்வீடு பெனடிக்டா.
இரத்மலானையில் ஒன்பது வருடம் காலர் தைத்தவள்.
ஓடர் இல்லை என்று ஒரு வெள்ளிக்கிழமை
நாற்பத்து மூன்று பேரை நிறுத்தி
கேட் பாஸைத் திருப்பிக் கேட்டார்கள்.
தொலைந்துவிட்டது என்று பொய் சொல்லி
ஐந்நூறு ரூபாய் கட்டிவிட்டு வந்தாள்.
அவளுக்கு ஒரு காஸ் சிலிண்டர் ஆறு வாரம்.
பதின்மூன்று வாரம் என்றால்
இரண்டு சிலிண்டர்,
பிறகு ஒரு வாரம் பாண்.

என் விரல் "வேண்டும்" என்றே தட்டியது.
பிளேன்டீ ஆறும் மட்டும்
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
நல்ல சொல். நிமிர்ந்து நின்றது.

பிறகு கடைசிப் பிரிவுக்கு இறங்கினேன்.
எத்தனை சட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு
நானே தட்டிய வரி:
சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே
ஒவ்வாமை ஏதும் ஏற்படின்
சிங்கள உரையே
மேலோங்கி நிற்றல் வேண்டும்.

அங்கே லாம் இல்லை.

என் "வேண்டும்" நாளைக்கு
அவர்களுக்கு ஓர் அச்சுப்பிழை,
எனக்கு ஒரு விளக்கக் கடிதம்,
பெனடிக்டாவுக்கு ஒன்றுமே இல்லை.
அழித்தேன்.
மற்றதைப் போட்டேன்.
தட்டில் மிஞ்சிய ஒரு மாலுபாணை
விதானகே தாளில் சுற்றித் தந்தார்.
பசித்தது. சாப்பிட்டேன்.

ஐந்தரைக்கு ஆட்டோ சந்தியில் இறக்கிவிட்டது.
அவள் தண்ணீர்க் குழாயடியில்,
வாளி நிறையும்வரை பேச ஆள் தேடி.

"ரேடியோவில சொன்னாங்க அக்கா,
பதின்மூணு வாரமாம்."

வாரமாம் என்றாள்.
அந்த 'ஆம்' காற்றில் கேட்டது, யாரோ சொன்னது,
பொறுப்பில்லாதது. இருந்தும் என்ன சந்தோஷம் அதில்.
அதற்குள் என் 'லாம்'ஐக் கொண்டுபோய் வைக்க
வாய் வரவில்லை.
படிவம் வந்தால் நிரப்பித் தருகிறேன் என்றேன்.

வாளி வழிந்தது. அவள் மூடவில்லை.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
உள்ளே ஓடி எடுத்துவந்தாள்:
ஓரம் உரிந்த பிளாஸ்டிக்,
ஒன்பது வருடம் முந்திய, கொழுகொழு முகம்.

"வேலை செஞ்சன்னு காட்ட
இது தேவைப்படுமா?"

தேவைப்படும் என்றேன்.